பதினாலாம் நம்பர் தகவலாளி

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது, எழுத்து ஓடாது. இத எழுதணும்னு நாலு தடவ உக்காந்து நாலு தடவயும் எந்திரிச்சுப் போயிட்டேன். இன்னைக்கு எந்திரிக்கிறதா இல்ல.

எங்க மதினிக்கு ஜீப்புல இருந்த எடம் போச்சு. கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூர்லருந்து விடியக்காலம் பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டு கேரளாவுக்கு, ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகுதே ஜீப்பு, அதுல. டிரைவருக்குப் பின்னால கம்பியப் பிடிச்சு உக்கார்ற ஓரம். பதினெட்டு வருஷம் அவுக உக்காந்த எடம். அதப் பிடுங்குனது நான். ஆராய்ச்சிக் கட்டுரைன்னு ஒண்ணு எழுதி, அதுல ஒரு அடைப்புக்குறியப் போட்டுப் பிடுங்குனேன்.

மதினின்னா கூடப்பெறந்த அண்ணன் பொண்டாட்டி இல்ல, பெரியப்பா மகன் பொண்டாட்டி. கூடலூர்ல எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவுக வீடு. கல்யாணமாகி வந்த புதுசுல குமுளியில இட்லிக்கடை வச்சிருந்தாக. ரோட்ட அகலப்படுத்துறோம்னு கடைய இடிச்சுப்புட்டாக. அதுக்கப்புறந்தான் மலைக்கு வேலைக்குப் போக ஆரம்பிச்சது. கடையில நின்னு பேசிப் பழகுன மலையாளம் இருந்துச்சு, யாருக்கும் பயப்படாத வாயும் இருந்துச்சு. கொஞ்ச வருஷத்துல கங்காணி ஆயிட்டாக. கங்காணின்னா, ஒரு ஜீப்புக்கு வேண்டிய ஆளச் சேக்குறது, கூட்டிட்டுப் போறது, மேல சூப்பர்வைசர்கிட்டப் பேசுறது எல்லாம் அவுக பொறுப்பு.

ஊருக்கெல்லாம் அவுக இட்லிக்கடைக்காரம்மாதான். கடை போயி எத்தனையோ வருஷமாச்சு, பேரு போகல. அவுக சொந்தப் பேரு என்னன்னு கூட வேல செய்யுற பொம்பளைகளக் கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு முழிப்பாக. எங்க பக்கத்துல அப்படித்தான். எந்தத் தெரு, எந்த ஜீப்பு, யாரு வீட்டு மருமக, முந்தி என்ன தொழிலு, இவ்வளவு சொன்னாப் போதும், ஆளு யாருன்னு தெரிஞ்சு போகும். பேரு கெடக்குறது ரேசன் கார்டுல. இத நான் பெறந்ததுலருந்து பாக்குறேன். பாத்தும் கோட்ட விட்டேன் பாருங்க, அதச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான் தேனியில ஒரு தனியார் காலேஜ்ல பாடம் எடுக்குறேன், பழனிசெட்டிபட்டியில வாடகைக்கு இருக்கேன். வேலை நிலைக்கணும்னா பிஎச்டி வேணும்னு சொல்லிட்டாக. மதுரையில ஒரு பேராசிரியர்கிட்டப் பதிஞ்சேன். அவுகள இங்கன சார்னே சொல்றேன். தலைப்பு என்னன்னு சார் கேட்டப்ப, மலைக்கு ஜீப்புல போற பொம்பளையாளுக வேலையப் பத்தின்னு சொன்னேன். நல்லா இருக்கும்மான்னு சொன்னாக.

மதினி இல்லாட்டி அந்த ஆராய்ச்சியில ஒரு பக்கம் கூட நகந்திருக்காது. ஆளு தெரியாத ஒருத்தி நோட்டும் கையுமா வந்தா எந்தப் பொம்பள வாயத் தெறப்பா? மதினிதான் டிரைவர்கிட்டச் சண்டை போட்டு என்னை ஏத்துனாக. “எங்க நாத்தனா. படிக்கிறவ. ஒரு ஓரமா ஒடுங்கி உக்காந்துக்கிருவா. ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?” லீவு நாள்ல எல்லாம் மலைக்குப் போனேன். ஞாயித்துக்கெழம மத்தியானம் அவுக வீட்டுல உக்காந்து போன்ல பதிவு பண்ணுவேன். காய் எடுத்து எடுத்து விரல்ல ஏறுன கறைய எண்ணெய் போட்டுத் தேச்சுக்கிட்டே பேசுவாக. நாப்பது மணி நேரம் பேசியிருப்பாக. ஒரு நாளு கூட அலுத்துக்கிடல.

அப்படி ஒரு ஞாயித்துக்கெழமதான் அந்த மருந்துக் கதையச் சொன்னாக. மொத நா சாயங்காலம் பூச்சி மருந்து அடிச்ச எடத்துல, மறுநா காலையிலயே எறங்கிக் காய் எடுக்கச் சொல்லியிருக்கான் சூப்பர்வைசர். எலையில ஈரம் கூடக் காயல. மூக்கக் காட்ட முடியல. மதினி மலையாளத்துலயே அவனோட மல்லுக்கு நின்னிருக்காக. எறங்காதவக நாளைக்கு ஜீப்பே ஏற வேணாம்னுட்டான். எறங்கிட்டாக. பதினோரு மணிக்கு ஒரு பொம்பள வாந்தி எடுத்து, வாயில நொரை தள்ளிச் சாஞ்சிருச்சு. மதினிதான் மடியில போட்டுக்கிட்டு ஜீப்புல கம்பம் ஆஸ்பத்திரிக்கு எறங்குனது. உசுரு பொழச்சதே பெருசு. எஸ்டேட்டுல என்னன்னு எழுதுனாக தெரியுமா? வெறும் வயித்தோட வந்ததால மயக்கம்னு.

நான் போன நிப்பாட்டிட்டுக் கேட்டேன். “மதினி, இத எழுதலாமா? ஒங்க பேர மாத்திப் போட்டுரவா?”

“ஏன் மாத்தணும்? நான் என்ன களவாண்டா சொல்றேன்?” அப்படின்னு ஒரு மொற மொறச்சாக. “எம் பேரப் போட்டே எழுது. பேரச் சொல்லாமச் சொன்னா அது பொரணிப் பேச்சு ஆத்தா. ஒளிஞ்சுக்கிட்டு யாரு வேணா என்ன வேணாச் சொல்லலாம். நாந்தான் சொன்னேன், வந்து கேளுன்னு இருக்கணும்.”

பேட்டி குடுக்குறவக சம்மதத்துக்கு ஒரு தாள் உண்டு. அதுல ரெண்டு கட்டம். ஒண்ணு, என் பெயரைக் குறிப்பிடலாம். இன்னொண்ணு, குறிப்பிட வேண்டாம். மதினி எட்டாவது வரைக்கும் படிச்சவுக. கண்ணாடியப் போட்டுக்கிட்டு எழுத்துக் கூட்டி ஒரு வரி விடாம வாசிச்சாக. குறிப்பிடலாம்ங்கிற கட்டத்துல டிக் அடிச்சு, கீழ கையெழுத்துப் போட்டாக. பேனாவ அழுத்துன அழுத்துல அடுத்த தாள்லயும் தடம் விழுந்துச்சு.

அந்த அத்தியாயத்த எழுதி எடுத்துட்டு சார்கிட்டப் போனேன். துணைநூற்பட்டியல்ல மதினி பேரப் போட்டு, நேர்காணல், கூடலூர்னு எழுதியிருந்தேன். சார் பச்சை மையால ஒரே இழுப்பா அடிச்சாக.

“பட்டியல்ல புத்தகம், கட்டுரை, ஆவணம் இதுதாம்மா வரணும். இதெல்லாம் பர்சனல் கம்யூனிகேஷன். வாசிக்கிறவங்க தேடி எடுத்துப் பார்க்க முடியாதது பட்டியல்ல வரக்கூடாது. உள்ள, அடைப்புக்குறியில போடுங்க. தகவலாளி ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் குடுங்க.”

தேடி எடுக்க முடியாதாம்! கூடலூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி இட்லிக்கடைக்காரம்மா வீடு எங்கனன்னு கேட்டா சின்னப்புள்ள கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து வாசல்ல விடும். நான் பட்டியல்ல போட்ட புத்தகத்துல பாதி எந்த லைப்ரரியிலயும் கெடைக்காது. இத நான் அங்க சொல்லல. மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். கைடு கையெழுத்துப் போடணுமே, வாய மூடிக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு மட்டும் கேட்டேன். அதே அத்தியாயத்துல இன்னொரு ஆளு வர்றாரு. ரிட்டயர்டு அதிகாரி, இப்பத் தோட்ட முதலாளிகளுக்கு யோசனை சொல்றவரு. சார் நம்பர் குடுத்துப் பேசச் சொன்னதால போன்ல பேசுனேன். பத்து நிமிஷம். கையுறை எல்லாம் குடுக்குறோம்மா, இந்தப் பொம்பளைங்கதான் மாட்டிக்க மாட்டேங்கிறாங்கன்னு சொன்னாரு. மதினி பதினெட்டு வருஷத்துல கையுறைய ஒரே ஒரு தடவ பாத்திருக்காக, போட்டோ எடுக்க வந்தன்னைக்கு. குடுத்து எடுத்துட்டுத் திருப்பி வாங்கிட்டாக. அந்த ஆளு பேர மட்டும் இனிஷியலோட, பட்டத்தோட, பழைய பதவியோட முழுசா எழுதச் சொன்னாக சார்.

“இவரும் போன்ல பேசுனதுதான சார். இவருக்கு மட்டும் எப்படிப் பேரு?”

“அவர் எக்ஸ்பர்ட்மா. உங்க மதினி ரெஸ்பாண்டென்ட், கேட்டதுக்குப் பதில் சொல்றவங்க.”

பத்து நிமிஷத்துக்குப் பேரு. நாப்பது மணி நேரத்துக்கு நம்பரு. என் மொகத்தப் பாத்துட்டு சார் கொஞ்சம் எறங்கிப் பேசுனாக. “அந்தம்மா நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். பேரைப் போட்டா நாளைக்கு வேலை போகும். நீங்க பொறுப்பேத்துப்பீங்களா?” அதுல நியாயம் இருந்துச்சு. அதத்தான் இன்னைக்கு வரைக்கும் என்னால செரிக்க முடியல. நியாயமாப் பேசித்தான் என்னை வளச்சாக.

அந்த நியாயத்தப் பிடிச்சுக்கிட்டு நான் என்னென்ன செஞ்சேன்னு சொல்றேன், கேளுங்க.

பேர எடுத்துட்டு மதினிய தகவலாளி 14ன்னு ஆக்குனேன். பேரு இல்லாட்டி விவரம் நெறைய வேணும், இல்லன்னா நம்ப மாட்டாங்கன்னு சொன்னாக சார். பின்னால ஒரு அட்டவணை போட்டேன். தகவலாளி 14: பெண், நாற்பத்தாறு வயது, கூடலூர், பதினெட்டு ஆண்டுகளாக ஏலத்தோட்ட வேலை, கங்காணி, முன்பு குமுளியில் இட்லிக்கடை நடத்தியவர், மலையாளம் அறிந்தவர். அட கூறுகெட்டவளே! ஊர்ல ஒருத்தரும் சொல்லாத பேர மறச்சுட்டு, ஊரே அவுகளக் கூப்பிடுற அடையாளத்த எழுத்து விடாம அச்சுல ஏத்திட்டேன். மதுரைக்காரருக்குத் தெரியாது, சரி. எனக்குமா தெரியாது? அந்தத் தெருவுல பெறந்தவளுக்கு?

இன்னும் இருக்கு. கட்டுரையில பேரு இல்ல, சம்மதத் தாள்ல குறிப்பிடலாம்னு டிக் இருக்கு, ஆய்வேட்டப் பாக்குற கமிட்டியில கேப்பாங்க, ரெண்டும் ஒத்துப் போகணும்னாக சார். எப்படின்னு சொல்லல. அத நானே கண்டுபிடிச்சேன். ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து, மதினி அடிச்ச டிக் மேல வைட்னர் வச்சேன். காயட்டும்னு ஊதுனேன். குறிப்பிட வேண்டாம்ங்கிற கட்டத்துல நானே ஒரு டிக் அடிச்சேன். அப்புறம் கை கழுவிட்டு மூணாவது பீரியடு கிளாஸுக்குப் போனேன்.

அந்த அத்தியாயம் ஒரு கருத்தரங்க மலர்ல கட்டுரையா வந்துச்சு. மொதப் பேரு சாரோடது, ரெண்டாவது என்னுது. பேரு வந்தவகளுக்கு ஒரு பிரதி அனுப்புறது மரியாதைன்னு சொல்லி, அந்த ரிட்டயர்டு அதிகாரிக்கு சார் கையெழுத்துப் போட்டு அனுப்பி வச்சாக. மதினிக்கு யாரும் அனுப்பல. பேரு இல்லாதவகளுக்கு எந்த விலாசத்துக்கு அனுப்புவாக? நானும் அடுத்த தடவ ஊருக்குப் போறப்பக் குடுத்துக்கலாம்னு அலமாரியில வச்சிட்டேன்.

அந்த ஆளு தன் பேரு வந்த பக்கத்தத் தேடிப் படிச்சிருப்பாரு. எதுத்த பக்கத்துலயே மருந்துக் கதை. பின்னால அட்டவணை. எஸ்டேட்டுக்குத் தகவல் போக எத்தனை நேரமாகும்?

ஒரு திங்கக்கெழம காலையில நான் காலேஜுக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கேன், மதினி போன் பண்ணுனாக. எப்பவும் சாப்பிட்டியாத்தான்னு ஆரம்பிக்கிறவுக, அன்னைக்கு அது இல்ல.

“ஏத்தா, என்னத்த எழுதுன?”

ஜீப்பு வந்து நின்னிருக்கு. இவுக கம்பியப் பிடிச்சு ஏறப் போயிருக்காக. டிரைவர் திரும்பிப் பாக்காமச் சொல்லியிருக்கான், ஒங்கள ஏத்த வேணாம்னு மேலருந்து சொல்லிட்டாகன்னு. இவுக கூட்டிட்டு வந்து வேலைக்குச் சேத்துவிட்ட பொம்பளைக அத்தன பேரும் உள்ள உக்காந்திருக்காக. ஒருத்தி வாயத் தெறக்கல. ஜீப்பு போயிருச்சு. இவுக தூக்குவாளியோட ரோட்டுல நின்னிருக்காக.

“அந்தத் தாள எடுத்துக்கிட்டு வா. நான் டிக் அடிச்சேன்ல, அந்தத் தாளு.” அதோட போன வச்சிட்டாக.

லீவு சொல்லிட்டு பஸ் ஏறுனேன். தேனியிலருந்து கூடலூர் வரைக்கும் சார் மேல, அந்த அதிகாரி மேல, எஸ்டேட்டு மேல, அந்த டிரைவர் மேல கோவம் கோவமா வந்துச்சு. அவனவன என்னென்ன கேக்கணும்னு வரிசையா மனசுக்குள்ள திட்டிக்கிட்டே போனேன். பைக்குள்ள அந்தத் தாள் இருந்துச்சு. கம்பம் தாண்டுனதும் திட்டுறத நிப்பாட்டிட்டேன்.

மதினி வீட்டுக்குள்ள உக்காந்திருந்தாக. காலையில கட்டுன வேலைச் சேலைய இன்னும் மாத்தல. வேலை போனதுக்கு அழுதுருப்பாகன்னு நெனச்சேன். அழுகல. கொதிச்சுக்கிட்டு இருந்தாக.

“வேலையாத்தா பெருசு? கையிருக்கு, காலிருக்கு, எங்கனயாச்சும் போயிக்கிருவேன். அந்தச் சூப்பர்வைசர் சனிக்கெழம அத்தன பேரையும் நிறுத்தி வச்சு என்ன சொன்னான் தெரியுமா? ஒங்கள்ல ஒருத்தி பேரப் போடாம எழுதிக் குடுத்திருக்கான்னு சொன்னான். மொட்டக் கடுதாசின்னான். நான் இல்லாத நேரம் பாத்துச் சொல்லியிருக்கான். இப்ப ஜீப்புல எனக்கு என்ன பேரு தெரியுமா? மொட்டக் கடுதாசிக்காரியாம். மடியில போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேனே, அவ வீட்டுலருந்து வந்து, எங்க வீட்டுப் பொம்பளைய எழுத்துல இழுத்து விட்டுட்டு நீ மட்டும் ஒளிஞ்சுக்கிட்டயாக்கும்னு வாசல்ல நின்னு கேக்குறாக. நானாத்தா ஒளிஞ்சேன்? எம் பேரு அதுல இருந்திருந்தா, ஆமடா, நாந்தாண்டா சொன்னேன், இல்லைன்னு நீ சொல்லுடான்னு அவன் மூஞ்சிக்கு நேரா நின்னுருப்பேன்ல? எங்கன நின்னு கேப்பேன் இப்ப? பதினாலாம் நம்பரா நின்னு கேக்கவா?”

கைய நீட்டுனாக. தாளக் குடுத்தேன்.

கண்ணாடியப் போட்டுக்கிட்டு அன்னைக்கு மாதிரியே ஒவ்வொரு வரியா வாசிச்சாக. கட்டத்துக்கிட்ட வந்ததும் நின்னாக. தாள வெளிச்சத்துல சாச்சுப் பாத்தாக. அப்புறம் அந்தக் கறை பிடிச்ச கட்ட விரல் நகத்தால மெதுவாச் சொரண்டுனாக. வைட்னர் செதில் செதிலா மடியில விழுந்துச்சு. அடியில அவுக அடிச்ச டிக் அப்படியே இருந்துச்சு.

“இத யாரு வச்சது?”

“நாந்தான் மதினி.”

“ஒங்க சாரு வைக்கச் சொன்னாகளா?”

“ரெண்டும் ஒத்துப் போகணும்னு சொன்னாக. வச்சது நான்.”

அவுக கத்தியிருந்தாத் தாங்கியிருப்பேன். கத்தல. “எழுத்துத் தெரியாதவகிட்டக் கைநாட்டு வாங்கி ஏமாத்துவாக, கேட்டிருக்கேன். எனக்கு வாசிக்கத் தெரியும்த்தா. வாசிச்சுப் பாத்துட்டுத்தான அடிச்சேன்.” அவ்வளவுதான் சொன்னாக. தாள நாலா மடிச்சு, ரேசன் கார்டு வைக்கிற மஞ்சப்பைக்குள்ள வச்சாக. அதெல்லாம் ஆராய்ச்சியாளர்கிட்டத்தான் பூட்டி வைக்கணும்னு விதி. கேக்குற தைரியம் எனக்கு இல்ல. எனக்கு ஒரு வாய் காப்பித் தண்ணி குடுக்கல. அந்த வீட்டுல எனக்கு அப்படி ஆனது அன்னைக்குத்தான்.

மதினி இப்பக் கீழயே திராட்சைத் தோட்டத்துல குலை வெட்டப் போறாக. தெனமும் வேலைக்கும் இல்ல. காலையில தோட்டத்துக்கு நடக்குறப்ப அந்த ஜீப்பு அவுகளத் தாண்டித்தான் போகுது. ஓரத்துல வேற ஒருத்தி உக்காந்திருக்கா.

நான் ஆய்வேட்ட முழுசாத் திருத்திட்டேன். தகவலாளி 14ன்னு இருந்த எடம் அத்தனையிலயும் மதினி பேரப் போட்டேன். துணைநூற்பட்டியல்லயும் போட்டேன். நடந்தது நடந்தபடி, வைட்னர் உள்பட, முன்னுரையில எழுதிட்டேன். கமிட்டிக்கும் தனியா ஒரு கடுதாசி என் பேரு போட்டுக் குடுத்தேன். சார் என்னைக் கூப்பிட்டுக் கத்துன கத்து வராந்தா வரைக்கும் கேட்டுச்சு. நானும் கத்துனேன். உங்க எக்ஸ்பர்ட் பேர எடுங்க, நானும் எடுக்குறேன்னேன். பச்சை மையால அடிச்சு அனுப்புறாக. நான் திரும்ப டைப் பண்ணி அனுப்புறேன். இதோட மூணு தடவ ஆச்சு. கையெழுத்து வருமா வராதா தெரியல. வராட்டிப் போகட்டும், என் வேலையும் போகட்டும்.

இவ்வளவு பேசுறவ, இங்கன ஏன் அவுக பேர எழுதலன்னு நீங்க கேப்பீக. நியாயந்தான். போன வாரம் தோட்டத்துக்கே போயி நின்னு, வரப்புல வச்சு அவுககிட்டக் கேட்டேன். நடந்தத எழுதப் போறேன் மதினி, அதுல ஒங்க பேரப் போடவான்னு. கத்திரிய நிப்பாட்டாம, என்னைப் பாக்காமச் சொன்னாக.

“அழிச்ச எடத்துல மொதல்ல எழுது. அங்கன எழுதி, அச்சுல ஏத்தி, எங்கிட்டக் கொண்டாந்து காட்டு. அதுக்கப்புறம் எங்கன வேணா எழுதிக்க.”